சிதைக்கு முன் ஒரு துறவு

லம்யாயின் உடலைப் பெட்டியில் வைப்பதற்கு முன், வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அவள் உள்ளங்கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றினார்கள். வரிசையின் கடைசி ஆள் பூ. சோன்புரியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, சைநாட் ஆற்றங்கரை விகாரைக்குள் அவள் நுழைந்தபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது. இடுப்புவரை தொங்கிய கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, அம்மாவின் கையில் தண்ணீரை ஊற்றினாள். கை மரக்கட்டை மாதிரி இருந்தது. சந்தையில் தேங்காய்ப்பால் பணியாரம் சுட்டுச் சுட்டு விரல் நுனியெல்லாம் காய்த்துப்போன கை அது. அந்தக் காய்ப்பு மட்டும் அப்படியே இருந்தது.

சடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா தவின், அவள் வந்ததும் எழுந்து வெளியே போனார்.

பூ என்றால் நமக்கு மலர். அந்த ஊர்ப் பேச்சில் நண்டு. பிறந்த குழந்தை அழகாக இருந்தால் பேய்கள் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று நண்டு, தவளை, பன்றி என்று எதையாவது கூப்பிட்டு வைப்பது அங்கே வழக்கம். அடையாள அட்டையில் இருந்த பெயர் பிரவேத், ஆம்பளைப் பெயர். லம்யாய் அதைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அந்த மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பது அவளுக்கு வசதியாக இருந்தது. "என் பூ ஏர்கண்டிஷன் ஃபேக்டரியில லைன் லீடரு" என்று சந்தையில் பெருமை அடிப்பாள். யாராவது வேண்டுமென்றே "பையனா, பொண்ணா?" என்று கிண்டினால், "நண்டு" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

தவின் அப்படி இல்லை. பூவுக்கு இருபத்தொரு வயது ஆன சித்திரையில், பட்டாள ஆள்சேர்ப்புக்குச் சீட்டு எடுக்கும் நாளில், அவரும் கூடப் போயிருந்தார். பள்ளிக்கூட மைதானம் முழுக்க இளவட்டங்கள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள், ஐஸ் விற்பவர்கள். கறுப்புச் சீட்டு வந்தால் வீடு, சிவப்பு வந்தால் பட்டாளம். கூந்தலோடு நின்ற பூவைப் பார்த்ததும் மைக் பிடித்திருந்த அதிகாரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இந்தப் பாப்பாவ பட்டாளத்துக்கு எடுத்தா எதிரியெல்லாம் கல்யாணம் கேட்டு வந்துருவானுங்களே!" என்றார். மைதானமே சிரித்தது. டாக்டர் சோதித்துவிட்டு, சீட்டு எடுக்கத் தேவையில்லை, போகலாம் என்று அனுப்பிவிட்டார். தவின் சிரிக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் பூவிடம் பேசவில்லை. பதினொரு வருஷம். ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார். ஃபோனில் அம்மாதான் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமைதோறும், "சோறு தின்னியா?" என்று ஆரம்பித்து.

விகாரைச் சமையல்கட்டில் பெண்கள் கஞ்சிக்கு இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஜம்பாப் பெரியம்மா பூவைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அடி ஆத்தே, வாடி கண்ணு. இந்த இடுப்பப் பாருங்கடி. நாலு மருமக வச்சிருக்கேன், ஒருத்திக்காவது இப்படி இருக்கா?"

"உங்க மருமகளுங்க உங்க கையால தின்னுறாங்க பெரியம்மா. நான் கேன்டீன்ல தின்னுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிப்பது அந்த ஊரில் தப்பில்லை. செத்தவர் தனியாக இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. வெளியே பந்தலில் அக்கா புருஷன் வினய், லாரி ஓட்டுகிறவன், நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சீட்டு ஆடிக்கொண்டிருந்தான். பூ ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு இஞ்சி நறுக்க உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கை வேலையிலேயே இருந்தது.

மறுநாள் மாலை பிக்குகள் ஓதி முடித்துப் போன பிறகு, அக்கா மயூரி அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனாள். மயூரி சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"ஆஸ்பத்திரியில அம்மா ஒண்ணு கேட்டுச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

"சொல்லு."

"எனக்காக யாரு மஞ்சத்துணி கட்டுவான்னு கேட்டுச்சு. மருந்து மயக்கத்துல திரும்பத் திரும்ப அதையே கேட்டுச்சு."

மகன் ஒருநாளாவது பிக்குவானால், அவன் காவித்துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு தாய் சொர்க்கத்துக்குப் போகலாம் என்பது அங்கே எல்லா அம்மாக்களுக்கும் இருக்கும் ஆசை. மகளால் அதைக் கொடுக்க முடியாது. லம்யாய்க்கு இருந்தது ஒரே மகன், அவன் இப்படி ஆகிவிட்டான். ஆனால் அவள் ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. "துணியப் புடிச்சுட்டு மேல போக எனக்கு என்ன அவ்வளவு அவசரம்? மேல போனா யாரு பணியாரம் சுடுவா?" என்று சிரித்துவிடுவாள். பூ அதை நம்பியிருந்தாள். நம்புவது சுலபமாக இருந்தது.

"நான் என்ன பண்ணணும்கிற?" என்றாள்.

மயூரி தொட்டிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கே தவின் நின்றுகொண்டிருந்தார்.

"பிரவேத்," என்றார்.

பதினொரு வருஷத்துக்குப் பிறகு அவர் குரல் பூவை நோக்கி வந்தது.

"அவளுக்கு வேற புள்ள இல்ல. நாளைக்கு எரிக்கறதுக்கு முன்னாடி ஒருத்தன் சாமியாராகி முன்னால போகணும். எல்லா வீட்டுலயும் போறான்."

"அப்பா, நான் இப்ப… உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நான் ஒண்ணும் குருடன் இல்ல." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரே நாள். காலையில மொட்டை, சாயங்காலம் நெருப்பு அடங்கினதும் கழட்டிரலாம். அப்புறம் நீ எப்படியோ இருந்துக்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

எப்படியோ இருந்துக்க. அந்த வார்த்தையைப் பூ அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அவர் கொடுக்காத அனுமதி அதற்குள் இருக்கிறது என்று நினைத்தாள். "சரிப்பா" என்றாள்.

விகாரையின் தலைமைப் பிக்கு அவளைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர். பல் போன கிழவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டே இருந்தார்.

"சாமியாருக்கு ஒரு தோள் திறந்திருக்கும், தெரியுமில்ல?"

"துணி வச்சு இறுக்கிக் கட்டிக்கிறேன் சாமி."

"கட்டிக்க. உள்சட்டை ஒண்ணு தரச் சொல்றேன், மறைக்கும். கொரலக் கொஞ்சம் கீழ எறக்கு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல, நான் எதையும் பாக்கல. ஆனா தீட்சை குடுக்கறது நான் இல்ல. காலையில உபாத்தியாயர் வருவார். அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

தீட்சையில் சொல்ல வேண்டிய சரணப் பாடம் பூவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே மனப்பாடம். அது கஷ்டமில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. அந்த மொழியில் மரியாதையாகப் பேசினால் வாக்கியத்தின் முடிவில் ஒரு சொல் சேர்க்க வேண்டும். ஆண் 'க்ரப்' என்பான், பெண் 'கா' என்பாள். ஆமாம் என்று சொல்லவும் அதுவே போதும். பூவின் வாயிலிருந்து 'கா' தவிர வேறு வந்து வெகு காலம் ஆகிவிட்டது. மயூரி கேள்வி கேட்க, அவள் பதில் சொல்லிப் பழகினாள்.

"பேரு என்ன?"

"பிரவேத் க்ரப்."

"சாப்டியா?"

"சாப்டேன் கா… ஐயோ."

"உன்னோட பெரிய ரோதனைடி," என்றாள் மயூரி. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தபோதுதான் பூ முதன்முதலாக அழுதாள்.

விடியற்காலையில் விகாரை முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். வெள்ளைத் துணி உடுத்து, மடியில் தாமரை இலையை ஏந்திப் பூ உட்கார்ந்தாள். வெட்டும் முடி அந்த இலையில் விழ வேண்டும். முதல் கற்றையைப் பெற்றவர் வெட்டுவது முறை. தவின் கத்தரிக்கோலோடு வந்தார். கூந்தலின் எந்த இடத்தைப் பிடிப்பது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றார். பிறகு இடது கையை அவள் தலையில் வைத்தார். உள்ளங்கையின் கனம் முழுதும் தலையில் இறங்கியது. பூ கண்ணை மூடிக்கொண்டாள். கை எடுக்கப்படாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

"உங்கம்மாவுக்கும் இதே முடி," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

வெட்டினார். பிறகு மயூரி, பிறகு உறவுக்காரர்கள். கடைசியில் ஒரு பிக்கு சவரக்கத்தியால் தலையையும் புருவத்தையும் மழித்து விட்டார். கூந்தல் இலையில் அடங்காமல் தரையில் வழிந்தது. ஜம்பாப் பெரியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லாவற்றையும் ஃபோனில் படம் பிடித்தாள். பிடித்ததை உடனே ஃபேஸ்புக்கிலும் போட்டாள். 'தாய்க்காகக் கூந்தலைத் துறந்த பிள்ளை, எல்லோரும் சாது சொல்லுங்கள்' என்று ஒரு வரியும் எழுதினாள்.

சொன்னார்கள். புண்ணியம் செய்தவரை வாழ்த்தும் அந்தச் சொல்லை நூற்றுக்கணக்கில் சொன்னார்கள். கூடவே, பெண்போல வாழ்கிறவனுக்குக் காவி கொடுப்பது எந்த விகாரை என்றும் கேட்டார்கள். யாரோ விகாரையின் பெயரைச் சொன்னார்கள். யாரோ மாவட்டத்துப் பெரிய பிக்குவுக்கு அனுப்பினார்கள். பூ குளித்து, மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டி, மூச்சை அளந்து விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அதெல்லாம் நடந்தது.

உபாத்தியாயர் காரிலிருந்து இறங்கியபோதே முகம் சரியில்லை. சர்க்கரை நோயால் கால் வீங்கிய, மெதுவாகப் பேசும் மனிதர். மண்டபத்தில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, முன்னால் மண்டியிட்டிருந்த பூவை வெகு நேரம் பார்த்தார். பின்னால் தவினும் மயூரியும் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் படியெல்லாம் நிரம்பியிருந்தார்கள்.

"எனக்கு இப்பதான் ஃபோன் வந்துச்சு," என்றார். "பெத்தவளுக்குச் செய்யணும்கிற மனசு நல்ல மனசு. அதுல குத்தம் இல்ல. ஆனா நான் ஒண்ணு கேட்டாகணும். நீ ஆம்பளையா?"

"க்ரப்," என்றாள் பூ. குரல் கீழே இறங்கித்தான் வந்தது. பிசகவில்லை. சொன்னபோது தனக்குள் எதுவோ கழன்று விழுந்ததுபோல இருந்தது. பரவாயில்லை, ஒரே நாள், என்று நினைத்துக்கொண்டாள்.

உபாத்தியாயர் தலையசைத்தார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு பார்வையை அவள் தலைக்கு மேலாகப் பின்னால் கொண்டுபோனார்.

"தவின், நீங்க சொல்லுங்க. நீங்கதான் அனுமதி குடுக்கறவரு. சாமியாருக்கு முன்னால பொய் சொன்னா அந்தப் பாவம் செத்தவள்மேல போய் விழும். உங்க புள்ள ஆம்பளைதானா?"

பூ திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று இருந்தாள். இத்தனை வருஷம் பிரவேத், பிரவேத் என்று சொல்லி வந்தவர், மகன் என்பதைத் தவிர வேறு எதையும் ஒத்துக்கொள்ளாதவர். அவருக்கு இதில் பொய்யே இல்லை. ஒரு சொல் சொன்னால் போதும்.

மயூரி கிசுகிசுத்தாள்: "அப்பா, சொல்லுங்க."

தவின் தொண்டையைச் செருமினார்.

"தெரியல சாமி," என்றார்.

உபாத்தியாயர் பெருமூச்சு விட்டார். "அப்ப என்னால குடுக்க முடியாது. நான் வச்சிருக்கற சொத்து இல்ல இது, எடுத்துக் குடுக்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட யாராவது எதிர்த்துப் பேசியிருப்பார்கள்.

மயூரி முழங்காலில் முன்னே வந்தாள். "சாமி, அப்ப வெள்ளையாவது கட்டிக்கட்டும். ஒருநாள் விரதம். பொண்ணுங்க இருக்கற மாதிரி."

விகாரைச் சடங்குகளை நடத்திவைக்கும் பெரியவர் படியில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் பதில் சொன்னார்: "அது பொம்பளைங்களுக்குத்தாம்மா."

கூட்டத்தில் ஒருத்தன் குப்பென்று சிரித்துவிட்டு இருமல்போல மாற்றிக்கொண்டான்.

யாராவது ஒருவர் பெட்டிக்கு முன்னால் போய்த்தான் ஆக வேண்டும். பிள்ளை முறையில் வீட்டோடு சேர்ந்த ஆண் என்று மிச்சம் இருந்தது வினய் மட்டும். நேற்றைய சாராய வாடை இன்னும் போகாத வாயோடு, "நானா? நாளைக்கு லோடு இருக்கே," என்றான். மயூரி அவன் காதில் என்னவோ சொன்னாள். அவன் பல் தேய்த்து, குளித்துவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். கீழே கிடந்த கூந்தலை யாரோ துடைப்பத்தால் ஒரு ஓரமாகத் தள்ளினார்கள். கால் மணி நேரத்தில் அவனுக்கு மொட்டை ஆனது. சரணம் சொல்லும்போது ஒவ்வொரு வரியிலும் தடுக்கினான். உபாத்தியாயர் பொறுமையாக ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தார்.

பூ மண்டபத்துக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டாள். ஒரு சொல்கூட அவளுக்குத் தடுக்கியிருக்காது.

ஜம்பாப் பெரியம்மா தேடிக்கொண்டு வந்தாள். "நான் நல்லதுக்குத்தான் போட்டேன் கண்ணு. அழிச்சுட்டேன். நிஜமா அழிச்சுட்டேன், இந்தா பாரு."

"சரி பெரியம்மா."

"எம்மேல கோவமா?"

"இல்ல பெரியம்மா. இந்தத் துணியக் கொஞ்சம் அவுத்து விடுங்க. மூச்சு முட்டுது."

கிழவி முதுகுப்பக்கம் முடிச்சை அவிழ்த்தாள். துணி முழுக்க வேர்வை. விலாவில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. தடவிக் கொடுக்கக் கையைக் கொண்டுபோனவள், என்ன நினைத்தாளோ, தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

பிற்பகலில் பெட்டி கிளம்பியது. புதுக் காவியில் வினய் முன்னால் பெட்டியில் கட்டிய வெள்ளை நூலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். தகன மேடையை மூன்று சுற்று சுற்றினார்கள். ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், பெண்கள் பின்னால் போனார்கள். வெள்ளை வேட்டியும் மொட்டைத் தலையுமாக இருந்த பூ இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் கொஞ்சம் தடுமாறிவிட்டு, கடைசியாக நடந்தாள். மேடையில் பெட்டியைத் திறந்து இளநீர் ஊற்றி முகத்தைக் கழுவினார்கள். பூவின் முறை வந்தபோது அவள் இளநீரை மெதுவாக ஊற்றினாள். அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று அவளைக் கேட்க வேண்டும்போல இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், உடம்பை மாற்றிக்கொள்ளத் தான் ஆஸ்பத்திரி வாசல் மிதிப்பதற்கு முன்னால் கேட்டிருந்தால், அப்போது இந்த உடம்பை யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. கேட்டிருந்தால் செய்திருப்பாளா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

மரச்சீவலில் செய்த வெள்ளைப் பூவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு இறங்கினாள். புகை போக்கியிலிருந்து புகை வரத் தொடங்கியபோது எல்லோரும் கஞ்சி சாப்பிடப் போனார்கள். இருட்டுவதற்குள் வினய் காவியைக் கழற்றிவிட்டு, தலையில் தொப்பி போட்டுக்கொண்டு லாரி நிறுத்தியிருந்த இடத்துக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை எலும்பு பொறுக்கினார்கள். சாம்பலை மனித உருவமாகக் குவித்து, வாசனைத் தண்ணீர் தெளித்து, சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார்கள். வீட்டில் வைக்க ஒரு டப்பி தவினுக்கு, ஒரு டப்பி மயூரிக்கு. விகாரை மதில் மாடத்துக்கு ஒன்று. மீதியை ஆற்றில் கரைக்கப் படகு நின்றது. பூ செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் கால் வைக்கப் போனாள்.

"படகு சின்னது," என்றார் தவின்.

படகில் ஐந்து பேர் உட்காரலாம். அவரும் மயூரியும் படகோட்டியும்தான் இருந்தார்கள். மயூரி அப்பாவைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், பிறகு மடியில் இருந்த மூட்டையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். படகு கிளம்பியது. நடு ஆற்றில் அவர்கள் மூட்டையை இறக்குவதைப் பூ கரையிலிருந்து பார்த்தாள். ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று மிதந்து வந்து அந்த இடத்தை மூடியது.

வீட்டுக்குத் திரும்பி வந்ததும் பூ பையை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். மண்டியிட்டுக் கைகூப்பினாள்.

"நான் கெளம்புறேன்பா."

தவின் புருவம் இல்லாத அந்த முகத்தைப் பார்த்தார். "அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு," என்றார்.

"நான் மொட்டை அடிச்சேனேப்பா."

"அடிச்ச."

"அவரு கேட்டப்ப நீங்க ஒரு வார்த்தை…"

"நான் பொய் சொல்லி அவளக் கீழ தள்ளச் சொல்றியா?"

அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். பூ எழுந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். வழியில் சந்தை இருந்தது. லம்யாயின் இடத்தில் அதற்குள் வேறு ஒருத்தி பொரித்த வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலையில் யாரும் அதிகம் கேட்கவில்லை. அம்மா இறந்துவிட்டாள் என்பதே தலைக்கும் முகத்துக்கும் காரணமாகப் போதுமானதாக இருந்தது. "நல்ல புள்ள நீ," என்றார் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். "இந்தக் காலத்துல எவன் அம்மாவுக்காகக் காவி கட்டறான்?" பூ மறுக்கவில்லை. மறுத்தால் முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும். புருவத்தைப் பென்சிலால் எழுதிக்கொண்டு, தொப்பி அணிந்து வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்தாள்.

நூறாம் நாள் சடங்குக்கு விடுப்பு சொல்லி வைத்திருந்தாள். தேதி கேட்டு அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள், பதில் வரவில்லை. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் மயூரியின் ஃபேஸ்புக் பக்கத்தில் படங்களைப் பார்த்தாள். பிக்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் தவின், பக்கத்தில் தலைமுடி வளர்ந்துவிட்ட வினய், அம்மாவின் படம், தட்டில் பணியாரம். முந்தின நாளே முடிந்திருந்தது.

அக்காவைக் கூப்பிட்டாள். மயூரி நாலாவது முறை எடுத்தாள்.

"ஏன்க்கா சொல்லல?"

"அப்பா சொல்லச் சொல்லல பூ."

"வேண்டாம்னு சொன்னாரா?"

"அப்படியும் சொல்லல." பின்னால் கோழிகள் கத்தும் சத்தம் கேட்டது. "நீ கேக்காத. என்னால நடுவுல நிக்க முடியல. எனக்கு இந்த ஊர்ல இருக்கணும்."

"பணியாரம் யாரு சுட்டா?"

"கடையில வாங்கினோம்."

"சரி," என்றாள் பூ. "நீ சாப்ட்டியா?"

"ம்."

மணி அடித்தது. இரண்டு விரற்கடை வளர்ந்திருந்த முடியைத் தொப்பிக்குள் அடக்கிக்கொண்டு, லைனுக்குப் போய் நின்றாள். பெல்ட் நகரத் தொடங்கியிருந்தது.